மிசாக்கி கடல் உயிரியல் நிலையம்

டோக்கியோவுக்குத் தெற்கே, மியூரா தீபகற்பத்தின் முனையில், சகாமி விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கும் ஆய்வு நிலையம். டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு உரியது. 1886இல் தொடங்கப்பட்டது; அமெரிக்காவின் புகழ்பெற்ற வுட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்கு இரண்டு ஆண்டு மூத்தது.

சகாமி விரிகுடாவில் கரையை விட்டுச் சற்று விலகியதுமே ஆழம் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் ஆழ்கடல் உயிர்கள் மீனவர் தூண்டிலுக்கு எட்டும் தொலைவிலேயே கிடைத்தன. பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை ஆழ்கடல் உயிர்களைத் தேடி உலகப் பெருங்கடல்களைத் துழாவியது. அத்தகைய உயிர்களோ இதே விரிகுடாவிலுள்ள எனோஷிமா தீவின் கடைத்தெருவில் விலைக்கு இருந்தன. கண்ணாடி இழையை முறுக்கியது போன்ற காம்புள்ள கடற்பஞ்சுகளை யாத்திரிகர்கள் ஊருக்கு வாங்கிப் போனார்கள். ஜெர்மானியர் ஹில்கென்டார்ஃப் 1877இல் புதிய இனமென்று விவரித்த பிளவுவாய்ச் சங்கும் அங்கே கடையில் வாங்கியதுதான். அதே ஆண்டு அமெரிக்கர் எட்வர்ட் மோர்ஸ் அத்தீவில் ஒரு மீனவர் குடிசையை ஆய்வுக்கூடமாக்கினார்.

நிலையத்தின் முதல் இயக்குநர் மிட்சுகுரி காகிச்சி, யேல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகங்களில் படித்தவர். முத்து வளர்ப்பு முன்னோடி மிகிமோட்டோவுக்கு 1890இல் சிப்பியின் இயல்பை விளக்கியவரும் இவரே. மிகிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டார்.

அறிவியல் முறை மேற்கிலிருந்து வந்தது. கடலை அறிந்தவர்கள் மிசாக்கி மீனவர்கள். 'குமா-சான்' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவோகி குமாகிச்சி, எந்தத் திட்டில் எந்த உயிர் கிடைக்கும் என்று அறிந்து, நீண்ட ஆயிரங்கால் தூண்டிலை இறக்கி மாதிரிகளைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கடற்பஞ்சுகள் பற்றி விலங்கியலாளர் இஜிமா இசாவோ எழுதிய பெரும் ஆய்வுகள் இத்தகைய மீனவர்களின் உழைப்பில் நின்றவை. ஆய்வேடுகளில் ஆய்வாளர் பெயருக்குக் கிடைத்த இடம் இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது நிலையம் சிறு நீர்மூழ்கிகளின் தளமாக்கப்பட்டது. 1945இல் அமெரிக்கப் படை வந்து சேருமுன், அங்கு பணியாற்றிய ஆய்வாளர் டான் காட்சுமா ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கதவில் விட்டுச் சென்றார். அவர் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்றவர், வுட்ஸ் ஹோலில் கோடைகளைக் கழித்தவர், மனைவி அமெரிக்கர். போர்க்கருவிகளை அழித்துக்கொள்ளுங்கள், ஆய்வகத்தை மட்டும் விட்டுவையுங்கள் என்பதே அந்தக் குறிப்பின் சாரம். நிலையம் தப்பிப் பல்கலைக்கழகத்திடமே திரும்பியது. அந்தத் தாள் வுட்ஸ் ஹோலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே பாதுகாக்கப்படுகிறது.