மினுக்கிய காசும் மறைந்த வரலாறும்

செம்பிலே களிம்பு இயல்பாகவே உள்ளது. உயிரைப் பற்றி நிற்கும் ஆணவ மலத்துக்கு அக்களிம்பையே உவமையாகக் கூறும் சைவ சித்தாந்தம். பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டு மினுக்கிக் களிம்பகற்றுவது எமது வீடுகளில் வழிவழி வந்த வழக்கம். அதே புளியை ஒரு பழங்காசின் மேலிட்டாலோ, பல நூற்றாண்டுச் சான்று சில நிமிடங்களிற் கரைந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் இத்தகைய காசுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே இருத்தல் கூடும். அவர்கள் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கு தருகின்றோம்.

யாழ்ப்பாண அரசின் சேது நாணயங்களை எடுத்துக்கொள்வோம். இவற்றிற் பெரும்பாலானவை செப்புக் காசுகள். ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவமும் மறுபக்கத்தில் எருதும், எருதின் கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படும். அச்சொல்லைக் கொண்டு இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை என்று கருதியோரும் உளர். 'சேதுகாவலர்' எனப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கே இவை உரியன என்பதைச் சுவாமி ஞானப்பிரகாசர் முதலிய அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அவ்வரசைப் பற்றிப் பேசும் சான்றுகள் மிகச் சிலவே. காசின் எழுத்தமைதி, உருவம், நிறை, கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய வாதங்கள் தீர்க்கப்படுகின்றன. எழுத்துத் தேய்ந்த காசு வாயிழந்த சாட்சியாகும்.

மண்ணிற் புதைந்த செம்பின் மேல் முதலிற் செந்நிற ஒட்சைட்டும், அதன் மேற் பச்சை நிறக் காபனேற்றும் படிகின்றன. எழுத்தின் நுண்ணிய விளிம்புகள் பல வேளைகளில் இப்படலத்திலேயே நிலைத்திருக்கும். புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் படலத்தைக் கரைக்கும்போது விளிம்பும் உடன் போய்விடும்.

மினுக்கிய காசைக் கண்டறிதல் அரிதன்று. கைபட்டுத் தேய்ந்த காசில் மேடுகள் வழுவழுப்பாகவும் பள்ளங்கள் கருமை படிந்தும் இருக்கும். மினுக்கிய காசிலோ மேடும் பள்ளமும் ஒரே நிறமாக, புதுச் செம்பின் இளஞ்சிவப்பாகத் தோன்றும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியால் நோக்கினால், ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களும் அமிலம் அரித்த நுண்குழிகளும் புலப்படும்.

திருத்திய காசு இதனினும் வஞ்சகமானது. தேய்ந்த எழுத்தைக் கூரிய கருவியால் மீண்டும் வெட்டுவர். உருவம் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தாலும், எழுத்தைச் சுற்றிய தளம் சுரண்டப்பட்டுத் தாழ்ந்திருந்தாலும் ஐயுற வேண்டும். சுரண்டிய தடத்தை மறைக்கப் பூசிய பச்சை நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கும். கீறலின் உள்ளும் அது படிந்திருக்கும். அச்சினால் அடித்த காசைப் பார்த்து வார்த்த போலியின் விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடும், மேற்பரப்பிற் காற்றுக் குமிழிகளின் குழிகளும் தென்படலாம்.

முதுமை வேடம் புனையும் கலை புதியதன்று. ஜேர்மனியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்க, உரோமக் காசுகளுக்குத் தம் கையாலேயே அச்சு வெட்டியவர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத் தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் இட்டு, அதைத் தமது வண்டியின் அடியிற் பொருத்தி ஊர் சுற்றுவார் என்பர். வண்டியின் குலுக்கலே அவற்றுக்கு முதுமையை அளித்தது.

தங்கக் காசுக்கும் இத்தகைய சோதனை உண்டு. நகைக்கடையில் நாம் 8 கிராமைப் பவுண் என வழங்குவது ஆங்கிலேயரின் தங்க நாணயத்தின் நிறையை ஒட்டியே. அது 22 கரட் தங்கத்தாலானது. நிறை ஏறத்தாழ 7.98 கிராம். சங்கிலியிற் கோர்ப்பதற்காக அதில் வளையம் ஒட்டுவது எம்மவர் வழக்கம். வளையத்தை அகற்றிய பின்னும் விளிம்பில் அரம் பட்ட தடமும் ஒட்டுப் பொன்னின் நிறவேறுபாடும் எஞ்சும். சேகரிப்போர் அத்தகைய காசுக்குப் பெரும்பாலும் தங்கத்தின் விலையையே தருவர். ஆதலால் விலை கூடும் என எண்ணி அம்மம்மாவின் பவுணிலிருந்து வளையத்தை வெட்டுதல் வீண். அவ்வளையமும் அக்குடும்பத்தின் வரலாறே.

எனவே பழங்காசு கிடைத்தால் மினுக்காதீர்கள். விளிம்பிற் பிடித்து, உலர்ந்த காகித உறையில் தனித்தனியே வையுங்கள். வெளிறிய பச்சைத் தூள் உதிரும் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, அரும்பொருட் காப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள். எந்த ஊரில், எந்த வளவில், யார் கையிலிருந்து அது வந்தது என்பதை உறையின் மேல் எழுதுங்கள். நிறையையும் உலோகத்தையும் எவரும் பின்னர் அளந்தறியலாம். அது வந்த வழியை அறிந்தவர்களோ எமது முதியோர் மட்டுமே. இன்றே அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம்.