மேல்தாடையில் ஒரு கோடு

நாக்கு நுனியால் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால் தடவிப் பாருங்கள். சிறு மேடு ஒன்று தட்டுப்படும். அதன் அடியில் எலும்பில் ஒரு துளை இருக்கிறது. பல் மருத்துவம் படிக்கும் என் பேத்தி, மண்டையோட்டு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தத் துளையிலிருந்து இருபுறமும் மெல்லிய கோடு கிளம்பி, இரண்டாம் பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே போய்ச் சேருமாம். இளவயது மண்டையோட்டில்தான் அது தெளிவாகத் தெரியுமாம்.

அந்தக் கோட்டுக்கு ஒரு வழக்கே உண்டு. மாடு, குரங்கு எல்லாவற்றுக்கும் மேல்தாடையின் முன்பகுதியில் தனி எலும்பு இருக்கிறது. மனிதனுக்கு அது இல்லை, அதுவே குரங்கிலிருந்து அவனைப் பிரிக்கும் அடையாளம் என்றார் டச்சு அறிஞர் காம்பர். 1784 மார்ச் 27 அன்று, யேனா நகரில் மண்டையோடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த கவிஞர் கோத்தே, மனிதனுக்கும் அது உண்டு, பக்கத்து எலும்போடு சீக்கிரமே ஒட்டிவிடுகிறது, அவ்வளவுதான் என்று கண்டார். அன்றிரவே நண்பர் ஹெர்டருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் வைமார் அரசில் அமைச்சர். கோப்பு பார்த்த நேரம் போக எலும்பும் பார்த்திருக்கிறார்! காம்பர் ஏற்கவில்லை. கட்டுரை அச்சேறியது 1820இல்தான்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கோத்தேவுக்குச் சில ஆண்டுகள் முன்பே பாரிஸ் அறிவியல் அகாதெமியில் இதைச் சொன்னவர் விக் தசீர். பின்னாளில் மரி அந்துவானெத் அரசியின் மருத்துவராக இருந்தவர். பெயர் என்னவோ கவிஞருக்குத்தான் போயிற்று.

பேத்தி சொன்ன இன்னொரு சங்கதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கரு உருவாகும் முதல் இரண்டு மாதத்துக்குள் முகத்தின் நடுப்பகுதியும் பக்கப்பகுதியும் சேர வேண்டும். சேராமல் போனால் உதடு பிளந்திருக்கும். ஈறு வரை போனால் பிளவு ஏறக்குறைய அந்தக் கோட்டின் வழியேதான் விழும்.

என் தங்கை பிளவுதட்டோடு பிறந்தவள். கிரகணத்தன்று அம்மா கொல்லைப்புறம் போனதால்தான் என்று பாட்டி சொன்னாள். அம்மா நிறைமாதமாக இருந்தபோது வந்த கிரகணம் அது. அதற்குள் குழந்தையின் உதடு உருவாகி முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும்! அம்மா கடைசிவரை அந்தப் பழியைச் சுமந்தாள். கல்யாணப் பேச்சு தட்டிப்போன ஒவ்வொரு முறையும் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். நானும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் தங்கைக்குப் போன் செய்து கோட்டின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை.

"எந்தப் பல்லுக்கிட்ட அண்ணே?"

"ரெண்டாவதுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவுல."

"எனக்கு அந்த ரெண்டாவது பல்லே முளைக்கல, தெரியுமா?" என்றாள்.