ஒரே ஒரு பக்கம் போதும்!

போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாட்டின் பிரதமருக்கு என்னென்ன கவலைகள் இருக்கும்? விமானம், குண்டு, படை, சாப்பாடு... வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இவற்றோடு இன்னொரு கவலையும் இருந்தது. அதிகாரிகள் எழுதி அனுப்பும் அறிக்கைகள் ரொம்ப நீளமாக இருக்கின்றன என்பதுதான் அது!

1940 ஆகஸ்ட் 9. பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரிட்டன் வானத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்று சர்ச்சில் தன் போர்க்கால அமைச்சரவைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தலைப்பு: 'சுருக்கம்'. அதுவும் ஒரே பக்கம்தான் (சொன்னதைச் செய்தும் காட்டியிருக்கிறார்).

அதில் அவர் கேட்டவை எளிமையானவை. முக்கிய விஷயங்களைச் சின்னச் சின்னப் பத்திகளில் எழுதுங்கள். விரிவான புள்ளிவிவரம் இருந்தால் பின்னிணைப்பில் போடுங்கள். பல நேரங்களில் தலைப்புகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, மீதியை நேரில் சொன்னாலே போதும். 'பின்வரும் அம்சங்களையும் கருத்தில் கொள்வது அவசியமாகிறது' போன்ற ஜவ்வு வாக்கியங்களை விட்டொழியுங்கள். பேச்சு வழக்கில் இருக்கும் ஒரு சொல் விஷயத்தைச் சட்டென்று சொல்லுமானால் அதை எழுதத் தயங்காதீர்கள்.

கடைசியில் அவர் சொன்னதுதான் முக்கியம். சுருக்கமாக எழுதினால் நேரம் மிச்சமாகும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. உண்மையான விஷயத்தை மட்டும் எடுத்து எழுதிப் பழகினால் சிந்தனையே தெளிவாகும் என்றார். வளவளவென்று எழுதுபவர் பாதி நேரம் தனக்கே தெளிவில்லாததைத்தான் மறைக்கிறார். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு குறை உண்டு. அது மேஜைக்கு மேஜை போகும் காகிதங்களைப் பற்றியது. அலுவலகத்துக்கு வெளியே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுப் புரியாமல் விழிக்கும் சாதாரண மனிதர் அதில் இல்லை.

போர் முடிந்ததும் அவர்தான் பெரிய பிரச்சினையானார். ரேஷன் இன்னும் முடியவில்லை. 1946ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1948 ஜூலை 5 அன்று அந்தக் காப்பீடும், தேசிய சுகாதார சேவையும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. அதுவரை அரசாங்கத்தோடு அதிகம் கடிதப் போக்குவரத்து இல்லாத குடும்பங்களுக்கும் படிவம், விதி, பதில் என்று காகிதம் வர ஆரம்பித்தது. உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்ள ஒருவர் அந்தக் கடிதத்தைத்தான் நம்பியிருந்தார்.

இந்த நேரத்தில் நிதித்துறை ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. அவர் பெயர் எர்னஸ்ட் கவர்ஸ். ஒரு காலத்தில் வருமான வரித்துறைக்குத் தலைவராக இருந்தவர், போரின்போது லண்டன் நகரின் சிவில் பாதுகாப்பைக் கவனித்தவர். 1948 ஏப்ரலில் அவருடைய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' வெளியானது. அதிகாரிகளுக்காக எழுதிய கையேடு அது, ஆனால் பொதுமக்களும் வாங்கித் தள்ளினார்கள்!

கவர்ஸ் வெறும் இலக்கண வாத்தியார் இல்லை. அதிகாரி ஏன் அப்படி எழுதுகிறார் என்று அவருக்குத் தெரியும். தவறாகச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் சட்டத்தின் வார்த்தைகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறார். சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும், இரண்டு அர்த்தம் வந்துவிடக் கூடாது என்பதை கவர்ஸும் ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டத்தை எழுதுபவர் வேறு, அதை மக்களுக்கு விளக்குபவர் வேறு. விளக்குபவர் பிரிவு எண்ணைத் திருப்பிச் சொன்னால் அது பதிலே இல்லை. கடிதம் எழுதியவருடைய இடத்தில் உட்கார்ந்து பார்த்து, அவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டும்.

வார்த்தைகளுக்கும் ஒரு பட்டியலே கொடுத்தார். 'டெர்மினேட்' எதற்கு, 'எண்ட்' போதாதா? 'சஃபிஷியன்ட்'டுக்கு 'இனஃப்'. 'பர்ச்சேஸ்'க்கு 'பை' (காமர்ஸ் மாணவர்கள் மன்னிக்கவும், நம் பாடப்புத்தகமே நின்றுவிடும்).

1951ல் 'ஏபிசி ஆஃப் பிளெய்ன் வேர்ட்ஸ்' என்ற அடுத்த புத்தகமும் வந்தது. அதே வருடக் கடைசியில் மறுபடியும் பிரதமரான சர்ச்சில் மேஜைக்கு வந்த காகிதங்களைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தன் சுற்றறிக்கையைத் தேடி எடுத்து, திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற குறிப்போடு அமைச்சர்களுக்கு மீண்டும் அனுப்பினார்!

கவர்ஸின் இரண்டு புத்தகங்களும் சேர்ந்து 1954ல் 'தி கம்ப்ளீட் பிளெய்ன் வேர்ட்ஸ்' ஆயின. பிறகு பலர் அதைத் திருத்தினார்கள். 2014ல் வந்த பதிப்பைத் திருத்தியவர் கவர்ஸின் கொள்ளுப்பேத்தி ரெபெக்கா கவர்ஸ்.