கதையில் வந்த விஷம், வார்டில் பிழைத்த குழந்தை

1/ கதை எழுதுற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "டாக்டர், யாராலும் கண்டுபிடிக்க முடியாத விஷம் ஒண்ணு சொல்லுங்களேன்." அவங்களுக்கு நான் சொல்வது ஒரு பழைய லண்டன் சம்பவம். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ 1977. கத்தாரிலிருந்து 19 மாதக் குழந்தையை லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தும் என்ன நோய்னே பிடிபடவில்லை. குழந்தையின் நிலை நாளுக்கு நாள் மோசமாகிறது.

3/ அந்த வார்டு நர்ஸ் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவல், அகதா கிறிஸ்டி 1961-ல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்'. அதில் விஷம் வைக்கப்பட்டவர்களுக்கு முடி கொட்டும். இந்தக் குழந்தைக்கும் முடி கொட்டுகிறது! தாலியமாக இருக்கலாம் என்று டாக்டர்களிடம் சொன்னார். டெஸ்ட் செய்தார்கள். தாலியமேதான். குழந்தை பிழைத்தது.

4/ தாலியம் ஒரு உலோகம். அதன் உப்பு ஒரு காலத்தில் எலி மருந்து. சுவை கிடையாது, வாசனை கிடையாது. பொட்டாசியம்னு நினைத்து உடம்பு அதை உள்ளே விட்டுவிடும். முதலில் வாந்தி, வயிற்று வலி. அப்புறம் கால் எரிச்சல், நரம்புத் தளர்ச்சி. முடி கொட்டுவது 2, 3 வாரம் கழித்து. தனித்தனியாப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு ஏதோ நோய் மாதிரி இருக்கும்.

5/ சரி, கிறிஸ்டிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முதல் உலகப் போரின்போது சொந்த ஊரான டார்க்கீயில் நர்ஸாகச் சேர்ந்தார். பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறி, 1917-ல் அதற்கான தேர்வும் பாஸ் பண்ணினார். நம்ம ஊர்க் கணக்கில் கம்பவுண்டர் வேலை. இரண்டாம் உலகப் போரிலும் லண்டனில் அதே வேலைதான்.

6/ முதல் நாவல் 1920-ல் வந்தது. அதிலேயே ஒரு டானிக்கில் இன்னொரு மருந்து சேர்ந்தால் விஷம் அடியில் படியும், கடைசி டோஸில் மொத்தமும் போகும் என்கிற விஷயம் வருகிறது. மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டி எழுதியது. தனக்குக் கிடைத்த பாராட்டுகளில் கிறிஸ்டி பெருமையாக நினைத்தது இதைத்தான்.

7/ மனிதர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்த மருந்தாளுநர் ஒருவர் க்யூராரே விஷக் கட்டியைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிவாராம். அதில் ஒரு அதிகார உணர்வு! 40 வருஷத்துக்கு மேல் கழித்து 'தி பேல் ஹார்ஸ்' எழுதும்போது அவர்தான் கிறிஸ்டிக்கு ஞாபகம் வந்தார்.

8/ இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் மூன்றில் நின்ற இதயத்துக்கு சிபிஆர் கொடுத்த காட்சிகளை எண்ணினார்கள். 75% பேர் அந்த இடத்திலேயே பிழைத்துவிட்டார்கள்! நிஜத்தில் பிழைத்து வீடு திரும்புபவர்கள் மிகவும் குறைவு.

9/ நம்ம சினிமாவில்? மானிட்டரில் நேர்கோடு வந்ததும் ஷாக் கொடுப்பார்கள். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாதுங்க. சிபிஆரும் அட்ரினலினும்தான். இதைப் பார்த்து வளர்ந்தவங்க ஐசியூ வாசலில் நின்று, "ஏன் டாக்டர் ஷாக் வைக்கல?" என்று அழும்போது, கதையில் வந்த ஒரு பொய்க்கும் சேர்த்து நாங்கள் பதில் சொல்லவேண்டியிருக்கு.

10/ அதனால், எழுதுறவங்களே, நோயின் பெயரை மட்டும் கேட்காதீங்க. முதலில் என்ன தெரியும், எத்தனை நாள் ஆகும், அதை யார் முதலில் கவனிப்பாங்கன்னு கேளுங்க. டாக்டரிடம் மட்டும் இல்லை. நர்ஸ், மருந்தாளுநர், வார்டு ஆயாம்மா எல்லாரிடமும் கேளுங்க. மருத்துவப் புத்தகத்தை எல்லாரும் படிப்பதில்லை. உங்க கதையைப் படிப்பாங்க, ஞாபகமும் வச்சிருப்பாங்க.