நவீன, சமகால இத்தாலிய இலக்கியம் (பல்கலைக்கழகப் பாடத்துறை)

இத்தாலியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியப் புலங்களில், தாந்தே முதலான பழைய மரபுக்கான பாடத்திலிருந்து பிரித்துத் தனியாகக் கற்பிக்கப்படும் துறை. எங்கே தொடங்குவது என்பதில் ஒருமித்த கருத்தில்லை: லியோபார்தி, மன்ட்சோனியிலிருந்து தொடங்குவோர் உண்டு, 1861இல் நாடு ஒன்றான பிறகு எழுதிய வெர்காவிலிருந்து தொடங்குவோரும் உண்டு. பிராந்தெல்லோ, ஸ்வேவோ, மொன்தாலே, காத்தா, கல்வீனோ ஆகியோர் பெரும்பாலும் இடம்பெறுவர். தேர்வு பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கும். மதிப்பெண் 30க்கு, தேர்ச்சிக்கு 18 வேண்டும்.

இத்துறையில் எழுத்தாளர்களே பேராசிரியர்களாக இருந்ததும் உண்டு. சாவோ பாவ்லோவில் கற்பித்துவந்த கவிஞர் உங்காரெத்தி, 1942இல் ரோம் திரும்பி இத்துறையின் பேராசிரியரானார். விமர்சகர் ஜான்ஃபிராங்கோ கொன்தீனி, படைப்பாளியின் திருத்தங்களையும் பாடபேதங்களையும் கொண்டே படைப்பை வாசிக்கும் முறையை வளர்த்தார். அச்சான நூல் மட்டும் போதும் என்றிருந்த மாணவர் கையெழுத்துப் பிரதியையும் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கு இடம் தந்தது பாவியா பல்கலைக்கழகம்: அறிஞர் மரியா கோர்த்தி அங்கு நிறுவிய கையெழுத்துப் படிக் காப்பகம் மொன்தாலே அளித்த தாள்களோடு தொடங்கியது, நவீன எழுத்தாளர்களின் வரைவுகளைத் தேடுவோருக்கு இன்றும் முதன்மையான இடங்களுள் ஒன்று.

மெசினாவிலும் ரோமிலும் கற்பித்த விமர்சகர் ஜாக்கொமோ தெபெனெதெத்தியின் வகுப்புக் குறிப்பேடுகள், அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1971இல் 'இருபதாம் நூற்றாண்டு நாவல்' என்ற பெயரில் நூலாயின. பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை; ஆனால் இத்துறை மாணவர் தவிர்க்க முடியாத நூல் அதுவே.