எடை குறைப்பு ஆபரேஷனும் அதற்கு அப்புறம் வரும் வருஷங்களும்: ஒரு சின்ன வரலாறு

1/
எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் எதுக்கு வாக்கிங், மாத்திரை எல்லாம்?" இதற்குத் தெளிவான பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கே பல வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

2/
2024 ஏப்ரலில் நமக்குப் பக்கத்தில் பம்மலில், இந்த ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரணை நடந்தது. அப்போது எல்லோரும் பேசியது ஆபரேஷன் மேஜையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தவர்களின் அடுத்த இருபது வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

3/
1954க்குப் போவோம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமன் என்ற சர்ஜனும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். சாப்பிட்டது உடம்பில் சேரும் இடம் சிறுகுடல். அதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டால் சாப்பாடு உள்ளே போகும், உடம்பில் சேராது. 60களிலும் 70களிலும் இது பரவியது. பலருக்கும் செய்த ஒரு முறையில், சுமார் 6 மீட்டர் நீள சிறுகுடலில் உணவு போக விட்டுவைத்தது வெறும் 45 சென்டிமீட்டர்தான்.

4/
எடை சரசரவென்று இறங்கியது. நோயாளிக்கும் சந்தோஷம், டாக்டருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, சத்துக்குறைவு. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது. கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள். முதல் வருஷத்து எடையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்று இந்தத் துறை கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

5/
அடுத்து, அயோவாவைச் சேர்ந்த எட்வர்ட் மேசன். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு எடை குறைவதும், மறுபடி சுலபமாக ஏறாமல் இருப்பதும் தெரிந்த விஷயம். அதையே சிகிச்சையாக மாற்றினால் என்ன என்று யோசித்தார். 1966இல் காஸ்ட்ரிக் பைபாஸ் வந்தது. 1994இல் அதையே லேப்ராஸ்கோப் மூலம், சின்னத் துளைகள் வழியாகச் செய்தார்கள்.

6/
இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் ஆபரேஷன் வந்த கதை இன்னும் சுவாரசியம். மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே தடவையில் செய்வது ஆபத்து. அதனால் முதல் கட்டமாக இரைப்பையை மட்டும் குழாய் மாதிரி ஆக்கினார்கள். பலருக்கு அதிலேயே போதுமான எடை குறைந்தது. இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. முதல் கட்டமே முழு சிகிச்சை ஆனது.

7/
இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்ற பசி ஹார்மோன் சுரக்கிறது. 1999இல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுவதால் பசியும் குறைகிறது. முதல் வருஷம் எடை தானாக இறங்குவது போலத் தெரிய இதுவும் ஒரு காரணம். அந்த ஒரு வருஷத்தைத்தான் "ஹனிமூன் பீரியட்" என்பார்கள்.

8/
ஹனிமூன் முடிந்த பிறகு? ஸ்வீடன் 1987இல் ஒரு ஆய்வைத் தொடங்கியது. 4,000 பேருக்கு மேல். பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பாதிப் பேர் செய்யாதவர்கள். பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு முதல் ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32% எடை குறைந்தது. 10ஆம் வருஷத்தில் அது 25%. அதாவது கொஞ்சம் திரும்பி வருகிறது, பிறகு நிற்கிறது.

9/
இதைத் தோல்வி என்று எடுத்துக்காதீங்க. அதே ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட கிட்டத்தட்ட 29% குறைவு என்று 2007இல் வெளியானது. ஆபரேஷன் வேலை செய்கிறது. ஆனால் மூன்றாவது வருஷம் 4 கிலோ ஏறினால் "நான் எங்கே தப்பு பண்ணினேன்" என்று உடைந்துபோய் டாக்டரையே பார்க்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் ஏறுவது உடம்பின் இயல்பு. வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதுதான் முக்கியமாக வரணும்.

10/
ஏன் ஏறுகிறது? வேகமாக எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, கூடவே தசையும் கரைகிறது. நாம் சும்மா இருக்கும்போதும் கலோரியை எரிப்பதில் தசைக்கு நல்ல பங்கு உண்டு. அது குறைந்தால் உடம்பு சிக்கனமாகச் செலவு செய்யப் பழகிவிடும். தசையைக் காப்பாற்றும் வேலையை எந்த ஆபரேஷனும் செய்யாது. உடற்பயிற்சியும் புரதமும்தான் செய்யணும். வீட்டில் கேட்கிற அந்தக் கேள்விக்கு பதில் இதுதான்.

11/
"நான்தான் நாள் பூரா நடக்கிறேனே டாக்டர்" என்பீர்கள். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்வு. 20 பேர். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு உடற்பயிற்சி என்று கேட்டார்கள். ஐந்து மடங்கு கூடியிருக்கிறது என்று பதில் வந்தது. உடம்பில் கட்டியிருந்த கருவியைப் பார்த்தால் சொல்லும்படியான மாற்றமே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. உடம்பு லேசானதும் நிறைய அசைகிற மாதிரி ஓர் உணர்வு வரும். அதனால் ஞாபகத்தை நம்பாமல் போனிலோ காலண்டரிலோ குறித்து வையுங்கள்.

12/
சரி, நேரம்? 1953இல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முன்னோடி ஆய்வு இது. கவனிங்க, அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சிக்கு என்று நேரம் ஒதுக்கவில்லை. வேலைக்குள்ளேயே அது இருந்தது. நம் வேலையிலிருந்து அது போய்விட்டது. அதனால்தான் இன்று தனியாக நேரம் தேட வேண்டியிருக்கிறது.

13/
நேரம் கிடைப்பது மன உறுதியை மட்டும் பொறுத்ததா? இதற்கு நம்ம சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1996இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் இங்கே இரண்டு குடியிருப்புகளில் ஆய்வு தொடங்கினார்கள். திருமங்கலத்தில் நடுத்தர வர்க்கத்தினர் வாழும் ஒரு காலனி, தி.நகரில் ஏழைகள் வாழும் ஒரு பகுதி. சர்க்கரை நோய் பற்றித் தொடர்ந்து எடுத்துச் சொன்னார்கள். திருமங்கலம் காலனிக்காரர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு ஒரு பூங்காவே கட்டினார்கள். வாரம் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் முன்பு 14.2%. பிறகு 58.7%.

14/
அந்தக் காலனி மக்களுக்குத் திடீரென்று மன உறுதி நாலு மடங்கு கூடிவிடவில்லை. வாசலில் இடம் வந்தது, கூட நடக்க ஆள் வந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை நோய் அங்கே 12.4%இலிருந்து 15.4% ஆகியிருந்தது. தி.நகரின் ஏழைப் பகுதியில் 6.5%இலிருந்து 15.3%. பூங்கா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, வருமானமும் வாழ்க்கை முறையும் மாறிய காலம் அது. ஆனாலும் யோசிக்க வைக்கிற கணக்கு.

15/
இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். மேடவாக்கம் மெயின் ரோடு மெட்ரோ வேலையில் கிடக்கிறது. ரேடியல் ரோட்டில் நிம்மதியாக நடக்க முடியாது. இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பெண்களே அதிகம். காலையில் டிபன், பிள்ளைகள் ஸ்கூல், ஆபீஸ், மாலையில் மாமியாருக்கு மாத்திரை, இரவு பாத்திரம். இதில் "உங்களுக்காக நேரம் ஒதுக்குங்க" என்று டாக்டர் சொன்னால் அக்காவுக்குக் கோபம்தான் வரும். நியாயமான கோபம். நேரத்தை அவர் மட்டும் ஒதுக்க முடியாது. வீடுதான் ஒதுக்கிக் கொடுக்கணும்.

16/
செய்யக்கூடியவை:
- இலக்கு தினம் 30 நிமிஷம். மூன்று பத்து நிமிஷமாகப் பிரித்தாலும் சரி. மொட்டை மாடி போதும். 10,000 அடி என்பது 1965இல் ஜப்பானில் ஒரு கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. அதை நினைத்து மலைக்க வேண்டாம்.
- வாரம் இரண்டு நாள் தசைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களில் பாரம் தூக்கக் கூடாது. எப்போது தொடங்கலாம் என்று உங்கள் சர்ஜனைக் கேளுங்கள்.
- தினம் குறைந்தது 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். அதனால் முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில்; சோறு கடைசியில். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

17/
- பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, மல்டிவைட்டமின்: டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஆயுள் முழுக்க. "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள்.
- வருஷம் ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை. ஆயுள் முழுக்க மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1991லேயே சொல்லிவிட்டது.
- தொடர் வாந்தி, கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது: தயமின் குறைவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.
- வலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண் வரும்.
- மது வேண்டவே வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு போதை சீக்கிரம் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும்.

18/
இதை ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அனுப்புவதைவிட அவர் கணவருக்கோ, மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ அனுப்புங்கள். நாளை காலை அந்த அரை மணி நேரம் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் போதும். முடிந்தால் இன்னொருவர் கூடவே மாடிக்குப் போங்க. சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், டியூட்டி முடிந்ததும் பதில் போடுகிறேன்.