பலகையில் ஒரு பெயர்: எலிசா ஸ்டீமரும் பெண்களின் தொழில்முறை ஸ்கேட்போர்டிங்கும்

டென்னிஸில் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரரா என்பதைத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஸ்கேட்போர்டிங்கின் வழக்கம் வேறு. பலகை தயாரிக்கும் நிறுவனம் ஒருவருடைய பெயரைப் போட்டுப் பலகையைக் கடைக்கு அனுப்பும் நாளில்தான் அவர் 'புரோ' ஆகிறார். விற்கும் பலகைகளிலிருந்து அவருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும். ஆக, யார் புரோ என்பதைத் தீர்மானிப்பது நடுவர்கள் அல்லர், வணிகர்கள். பெண்கள் இத்துறையில் நெடுங்காலம் ஓரத்திலேயே நின்றதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவோர் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. அமெரிக்க வீராங்கனை எலிசா ஸ்டீமரின் தொழில்வாழ்வை முன்வைத்து அதை ஆராய்கிறது இக்கட்டுரை.

தொடக்கம் ஒன்றும் மோசமாக இல்லை. கலிஃபோர்னியாவின் பாட்டி மெக்கீ 1964இல் பெண்களுக்கான தேசியப் பட்டத்தை வென்றார். 1965 மே 14 தேதியிட்ட 'லைஃப்' இதழின் அட்டையில், ஓடும் பலகைமீது தலைகீழாகக் கைகளால் நின்றார். விட்டா-பாக்ட் என்ற பழச்சாறு நிறுவனம் ஹோபி என்ற பெயரில் பலகைகளை விற்றுவந்தது. அவற்றை ஊர் ஊராகச் சென்று ஓட்டிக்காட்ட மெக்கீக்குச் சம்பளம் கொடுத்தது. முதல் தொழில்முறைப் பெண் ஸ்கேட்போர்டர் என்று அவர் குறிக்கப்படுவது இதனால்தான். அவர் சம்பளம் பெற்றது விளம்பரத்துக்காக என்பதை மறக்கக் கூடாது. களிமண் கலவைச் சக்கரங்களால் விபத்துகள் பெருகின, பல நகரங்கள் தடை போட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தை சரிந்தது, வேலையும் போயிற்று.

1970களில் யூரித்தேன் சக்கரம் விளையாட்டை மீட்டது. செஃபிர் அணியில் பெக்கி ஓகி, லோகன் எர்த் ஸ்கி அணியில் லாரா தோர்ன்ஹில் என்று பெண்கள் மறுபடி தென்பட்டார்கள். பின்னர் காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் ஸ்கேட் பூங்காக்கள் வரிசையாக மூடப்பட்டன. பூங்காவை இழந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் சிமெண்டுத் திண்டும் களமாயின.

இந்த இடமாற்றத்தின் விளைவு பெண்களைப் பொறுத்தவரை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து. பூங்காவில் கட்டணம் செலுத்திய எவரும் நுழையலாம். போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கலாம். தெருவில் அது எதுவும் கிடையாது. நண்பர் குழு, அவர்களுடைய வேன், கையில் ஒரு கேமரா, காவலாளி வந்து விரட்டும்வரை கிடைக்கும் அவகாசம், இவ்வளவுதான். குழுவுக்குள் இடம் இல்லாதவருக்குத் தொழிலிலும் இடம் இல்லை.

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸைச் சேர்ந்த ஸ்டீமர் (பிறப்பு 1975) அப்படியொரு குழுவுக்குள் நுழைந்தார். எட் டெம்பிள்டனின் டாய் மெஷின் பலகை நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'வெல்கம் டு ஹெல்' வீடியோவில் அவருக்கென்று தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. இணையத்துக்கு முந்திய அக்காலத்தில் இத்தகைய நாடாக்களே வீரர்களின் நற்சான்றிதழ். மாதக்கணக்கில் எடுத்த காட்சிகளைச் சில நிமிடங்களாகச் சுருக்கி, ஒரு பாட்டை ஓடவிட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள். அதில் மகளிர் பிரிவு கிடையாது. ஆண்கள் தாண்டிய அதே வகைப் படிக்கட்டுகளைத்தான் அவரும் தாண்ட வேண்டியிருந்தது. பார்வையாளர் ஒப்பிடுவதும் அவர்களோடுதான். பெரிய நிறுவனமொன்றின் வீடியோவில் முழுப் பகுதி பெற்ற முதல் பெண் அவர் என்பது வெறும் 'முதல்' பட்டியலுக்கான செய்தியல்ல. 1998இல் டாய் மெஷின் அவர் பெயரில் பலகை வெளியிட்டதற்கு வழி திறந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். 1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' வீடியோ விளையாட்டில் இடம்பெற்ற பத்து வீரர்களில் அவர் ஒருவரே பெண். பலகையையே தொட்டறியாத பிள்ளைகளும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் ஒருத்திக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கும் திறந்தே இருக்கவில்லை. 1981இல் தொடங்கிய 'த்ராஷர்' ஸ்கேட்போர்டிங் இதழின் அட்டையில் 1989இல் காரா-பெத் பர்ன்சைடும் 1994இல் ஜேமி ரேயஸும் வந்தார்கள். மூன்றாவது பெண்ணாக லிஸி அர்மாண்டோ வருவதற்கு 2017 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் ஸ்டீமரின் உச்சக்காலம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போட்டி உலகத்தின் கணக்கு இன்னும் வெளிப்படையானது. சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டித்தொடரில் 2003இல் பெண்களுக்கான தெருப் போட்டியின் முதல் தங்கத்தை வனெசா டாரஸ் வென்றார். ஸ்டீமர் 2004, 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் தங்கம் பெற்றார். 2005இல் அங்கே ஆண்களின் வெர்ட் (செங்குத்துச் சரிவு) போட்டியில் வென்றவருக்குப் பரிசு 50,000 டாலர், பெண்களின் வெர்ட் போட்டியில் வென்றவருக்கு 2,000 டாலர். பர்ன்சைடும் மிமி நூப்பும் பெண் வீரர்களைத் திரட்டி, போட்டியைப் புறக்கணிப்போம் என்று அமைப்பாளர்களை நெருக்கினார்கள். 2009இல் பரிசுத்தொகை சமமானது. தனித்த திறமையால் முடியாதது கூட்டுப் பேரத்தால் முடிந்தது.

ஒலிம்பிக் வந்தபோது நிலைமை இன்னொரு திசையில் திரும்பியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் தெருப் போட்டியில் ஜப்பானின் மொமிஜி நிஷியா தங்கமும், பிரேசிலின் ரைஸ்ஸா லியல் வெள்ளியும், ஜப்பானின் ஃபூனா நகயாமா வெண்கலமும் பெற்றார்கள். முதல் இருவருக்கும் வயது 13, மூன்றாமவருக்கு 16. நான்காவதாக வந்த அமெரிக்காவின் அலெக்சிஸ் சப்லோனுக்கு 34. ஸ்டீமரைப் போலவே அவரும் ஒரு வீடியோப் பகுதியின் வழியே, 2002இல், அறிமுகமானவர். லியல் அறிமுகமான விதம் வேறு. ஏழு வயதில் தேவதை உடை அணிந்து படிக்கட்டைத் தாண்டிய அவருடைய காணொளியை 2015இல் புகழ்பெற்ற ஸ்கேட்போர்டர் டோனி ஹாக் பகிர, உலகம் பார்த்தது. ஸ்டீமர் காலத்தில் அப்படியொரு காட்சி ஃபுளோரிடாவுக்கு வெளியே போக ஒரு நிறுவனத்தின் நாடா தேவைப்பட்டிருக்கும்.